பத்தி யாரைப் பார்த்து நடக்கிறது: வேர்டு, ஃப்ரேம்மேக்கர், சிஎஸ்எஸ்

ஒரு கையேட்டில் ‘குறிப்பு’ என்று ஒரு பத்தி இருக்கிறது. அதன் எழுத்தளவையும் உள்தள்ளலையும் பற்றி நாம் எதுவும் சொல்லவில்லை. அப்படியானால் அவற்றை அது எங்கிருந்து எடுத்துக்கொள்ளும்? வேர்டு, பெரிய கையேடுகளுக்கான மென்பொருளான ஃப்ரேம்மேக்கர், வலைப்பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் மொழியான சிஎஸ்எஸ் மூன்றும் இதற்கு வெவ்வேறு பதில் சொல்கின்றன. பெரிய ஆவணத்துக்குக் கருவி தேடுகிறவர்கள் மற்ற வசதிகளுக்கு முன்னால் இதைத்தான் பார்க்க வேண்டும்.

வேர்டில் ஒரு ஸ்டைல், அதாவது பெயரிட்டு வைத்த வடிவமைப்புத் தொகுப்பு, தன் அமைப்புகளை இன்னொரு ஸ்டைலிடமிருந்து பெறுகிறது. ‘ஹெடிங் 1’ என்பது ‘நார்மல்’ மீது கட்டப்பட்டது. நார்மலின் எழுத்துருவை மாற்றினால், தனியாக எழுத்துரு குறிக்காத வாரிசுகள் எல்லாம் மாறும். ஆனால் பத்தி எந்தப் பட்டியலுக்குள் இருக்கிறது என்பதை வேர்டு கேட்பதில்லை. அட்டவணை ஸ்டைல் மட்டும் இதற்கு விதிவிலக்கு. பிறந்த குடும்பத்தின் சொத்து வரும், குடியிருக்கும் வீட்டிலிருந்து எதுவும் வராது என்று வைத்துக்கொள்ளலாம். அதனால் இரண்டாம் நிலைப் பட்டியலுக்குள் வரும் குறிப்புக்கு ‘குறிப்பு 2’ என்று தனி ஸ்டைல் வேண்டும், மூன்றாம் நிலைக்கு இன்னொன்று.

வேர்டில் இன்னொரு வினோதமும் உண்டு. பத்தி ஸ்டைல் தடித்த எழுத்து, அதற்குள் ஒரு சொல்லுக்கு இட்ட எழுத்து ஸ்டைலும் தடித்த எழுத்து என்றால், அந்தச் சொல் மெலிந்துவிடும். தடிப்பும் சாய்வும் அங்கே சுவிட்ச் போல வேலை செய்கின்றன. தலைப்புக்குள் அழுத்தம் தனித்துத் தெரிய வேண்டும் என்பதற்காக வைத்த விதிதான், நியாயமானதும்கூட. ஆனால் தெரியாதவரை அது பாடாய்ப் படுத்தும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு அதைவிட முக்கியமானது, வேர்டும் லிப்ரேஆபிஸும் தமிழைக் ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்’ (எழுத்துகள் சேரும்போது வடிவம் மாறும் லிபிகள்) வகையில் வைத்திருப்பது. அதன் எழுத்துருவும் அளவும் ஆங்கிலத்துக்கு உள்ளதிலிருந்து தனிக் கணக்கு. ஸ்டைலில் ஆங்கில அளவை மட்டும் 14 ஆக்கினால், தமிழ் தன் மூல ஸ்டைலின் பழைய அளவிலேயே நிற்கும். இரண்டு மொழியும் கலந்த பத்தியில் இது உடனே கண்ணை உறுத்தும்.

ஆவணத்தை எலிமென்ட் எனப்படும், ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் பகுதிகளாகப் பிரிக்கும் கட்டமைப்பு முறை ஃப்ரேம்மேக்கரும் சிஎஸ்எஸ்ஸும், பத்தி இருக்கும் இடத்தைப் பார்க்கின்றன: தாய் எலிமென்டிலிருந்து உள்ளே இருப்பதற்கு விதி இறங்குகிறது. ஆனால் உள்தள்ளலில் இரண்டும் பிரிகின்றன. சிஎஸ்எஸ்ஸில் மார்ஜின், அதாவது பெட்டியைச் சுற்றி விடும் இடம், பரம்பரையாக வராது. அங்கே பெட்டிக்குள் பெட்டி என்பதால் உள்ளே இருப்பது தானாகவே நகர்ந்துவிடுகிறது. மார்ஜினும் இறங்கி வந்தால் இரட்டிப்பாகும். ஃப்ரேம்மேக்கரில் பத்திகள் ஒன்றுக்குள் ஒன்று இல்லை, எலிமென்ட்கள்தான் அப்படி. அதனால் உள்தள்ளல் அங்கே இறங்கியே ஆக வேண்டும். எலிமென்ட்களின் விதிகளை எழுதிவைக்கும் ஈடிடி கோப்பில் ‘தாயைவிட 18 புள்ளி கூடுதல்’ என்று ஒருமுறை எழுதினால் எந்த ஆழத்திலும் சரியாக வரும். முதல் நிலைக்கு இப்படி, இரண்டாம் நிலைக்கு அப்படி என்று நிலையை எண்ணி விதி எழுதவும் முடியும். சிஎஸ்எஸ்ஸில் ஒவ்வோர் ஆழத்தையும் செலக்டரில் (விதி எந்த எலிமென்டுக்கு என்று சொல்லும் பகுதியில்) விரித்து எழுத வேண்டும்.

தாயைச் சார்ந்த அளவுகளில் ஓர் ஆபத்து உண்டு. சிஎஸ்எஸ்ஸில் 16 பிக்சலில் தொடங்கி, மூன்று அடுக்கிலும் 0.8 எம் (தாயின் எழுத்தளவில் 0.8 பங்கு) என்று போட்டால் கடைசி எழுத்து 8 பிக்சல் சொச்சத்துக்குச் சுருங்கிவிடும். ஆவணத்தின் வேர் எழுத்தளவை மட்டும் பார்க்கும் ரெம் அலகு இதைத் தவிர்க்கிறது. ஃப்ரேம்மேக்கரிலோ, எழுத்து இதற்குக் கீழே போகக் கூடாது என்று ஆவணம் முழுவதற்கும் ஈடிடியிலேயே எல்லை கட்டலாம். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

ஒரே பகுதியைப் பல இடங்களில், பல ஆழங்களில் மறுபடி பயன்படுத்தும் கையேடு என்றால் வேர்டு வேண்டாம் என்பேன். அச்சுக்கு ஃப்ரேம்மேக்கர், திரைக்கு சிஎஸ்எஸ். பலர் கைமாற்றித் திருத்தும் ஐம்பது பக்க அறிக்கைக்கு வேர்டே போதும், நார்மலை மட்டும் ஒழுங்காக அமைத்துக்கொண்டால்.

சிஎஸ்எஸ் எடுப்பவர்கள் வரி உயரத்தை 150% என்று எழுத வேண்டாம். சதவீதம் போட்டால் கணக்கிட்ட விடைதான் கீழே இறங்கும்: 16 பிக்சல் உடலின் 24 பிக்சல் உயரம் அப்படியே 40 பிக்சல் தலைப்புக்கும் போய், மேல்வரியின் ‘கூ’வும் கீழ்வரியின் ‘கீ’யும் மோதிக்கொள்ளும். அலகில்லாமல் 1.5 என்று எழுதினால் விகிதமே இறங்கும். அதே தலைப்பு 60 பிக்சல் உயரம் பெறும்.