மரம் அரியும் பழைய மில்: மூன்றரை ஆண்டுகளுக்குப் பின்

ஒன்ராறியோவின் மார்க்கம் நகரில் இருக்கும் நண்பர் ஒருவர் கடந்த வாரம் ஒரு விளம்பரத்தை அனுப்பி, "அண்ணை, உங்களிட்ட இருக்கிறதும் இதுதானே, வாங்கலாமோ?" என்று கேட்டிருந்தார். படத்தில் இருந்தது என்னுடைய மில்லின் அதே மாதிரிதான். கையால் தள்ளும் தலை (எஞ்சினும் வாளும் பூட்டிய பகுதி), 13 குதிரைவலுப் பெற்றோல் எஞ்சின், 158 அங்குல வளைய வாள் என எல்லாம் ஒன்றே. விலை மட்டும் நான் 2021 இலையுதிர் காலத்தில் கொடுத்ததைவிட 600 டொலர் குறைவு. ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல மனம் வராததால் இதை எழுதுகிறேன்.

லின்ட்சேக்கு அருகே எங்கள் காணியின் வேலியோரம் நின்ற ஆஷ் மரங்கள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போனதால்தான் நான் ஒரு மில்லைத் தேடத் தொடங்கினேன். 2002 இல் டெட்ரோயிற், வின்சர் பகுதிகளில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட எமரல்ட் ஆஷ் போரர் என்ற பச்சை வண்டு, ஒன்ராறியோவின் தென்பகுதி முழுவதும் இந்த மரங்களைக் கொன்றுவருகிறது. பட்டையை உரித்துப் பார்த்தால் அதன் புழுக்கள் தின்று சென்ற வளைந்த தடங்கள் நெருக்கமாகத் தெரியும். ஆனால் அதற்கு உள்ளே மரம் வெண்மையாகவும் உறுதியாகவும் இருக்கும். மரம் பட்டுப்போன கையோடு வெட்டினால் தளபாடத்துக்கு உரிய பலகை கிடைக்கும், சில ஆண்டுகள் நிற்க விட்டால் நொறுங்கத் தொடங்கிவிடும். வண்டு பரவாதிருக்க அரசு வகுத்த கட்டுப்பாட்டு வலயத்துக்கு வெளியே அந்தக் குற்றிகளை அனுமதியின்றிக் கொண்டுசெல்லவும் அப்போது முடியாது. நாற்பது, ஐம்பது ஆண்டுகள் வளர்ந்த மரத்தை அடுப்பில் வைக்க எனக்கு விருப்பமில்லை.

விற்றவர் "வாளை மாற்றினால் போதும்" என்றார். இரண்டு பனிக்காலம் மூடாமல் வெளியே கிடந்த இயந்திரம் அது. காபரேற்றரில் பழைய பெற்றோல் பிசினாக உறைந்திருந்தது. சில்லுகளின் மேல் வாள் ஓடுவதற்காகப் போட்டிருக்கும் பெல்ற்றுகள் காய்ந்து வெடித்திருந்தன. பெயாரிங்குகள் நான்கை மாற்றி, கறளைச் சுரண்டிப் பூச்சடித்து, குற்றியைக் கிடத்தும் படுகையை நூல் கட்டி மட்டம் பார்த்து நிமிர்த்த ஏழு வாரமும் ஏறத்தாழ 900 டொலரும் போயின. இவற்றில் எதையும் நான் குறையாகச் சொல்லவில்லை. பழைய இயந்திரம் வாங்குகிறவர் எதிர்பார்க்க வேண்டிய வேலைகள்தாம் இவை.

நான் குறையாகச் சொல்வது ஒன்றை மட்டுமே: பலகையில் வரும் அலை.

முதல் ஆஷ் குற்றியை அரிந்து முடித்து, பலகையின் மேல் நேர்விளிம்புள்ள இரும்புச் சட்டத்தை நிறுத்திக் குனிந்து பார்த்தபோது, அதன் கீழால் வெளிச்சம் மூன்று இடங்களில் தெரிந்தது. எட்டு அடிப் பலகையில் ஓரிடத்தில் ஒரு அங்குலத்துக்கு மேலே தடிப்பு, இன்னோரிடத்தில் 13/16 அங்குலம். சீவுளியால் சமப்படுத்தினால் கையில் மிஞ்சுவது முக்கால் அங்குலத்துக்கும் குறைவு. அலை வந்தால் வாள் மழுங்கிவிட்டது என்றுதான் எல்லோரும் முதலில் சொல்வார்கள், நானும் புதிய வாள் போட்டேன். பிறகு இழுவிசையைக் கூட்டினேன். பிசின் ஒட்டாதிருக்கச் சவர்க்காரம் கலந்த தண்ணீரைச் சொட்ட விட்டேன். பல்லின் சாய்வு 10 பாகை உள்ள வாளை விட்டு, கடினமான மரத்துக்கும் உறைந்த மரத்துக்கும் ஏற்ற 4 பாகை வாளுக்கு மாறினேன். ஒவ்வொன்றும் கொஞ்சம் குணம் காட்டியது, எதுவும் முழுதாகத் தீர்க்கவில்லை. ஒரு பனிக்காலமும் பதினொரு வாள்களும் இப்படியே கழிந்தன.

சிறிய குற்றிகள் நேராக வருகின்றன, அகன்ற குற்றிகளில் மட்டும் அலை வருகிறது என்பதைக் கவனிக்க எனக்கு அடுத்த வசந்தம் வரை எடுத்தது. அகன்ற குற்றிக்கு வாளைத் தாங்கும் உருளை பூட்டிய கையை வெளியே இழுத்துவிட வேண்டும். கையை உள்ளே தள்ளி வைத்து வாளுக்கும் படுகைக்கும் இடையே அளந்தேன்: சரியாக 15 அங்குலம். முழுதாக வெளியே இழுத்து அளந்தேன்: 14 7/8. கை தன் பாரத்தாலேயே தொங்கியது. அதோடு சேர்ந்து உருளையும் சரிய, வாள் அந்தச் சரிவைப் பின்பற்றி மரத்துக்குள் இறங்கியிருக்கிறது. கணு வரும் இடத்தில் தடை கூடுவதால் அங்கே இன்னும் மோசம். அந்தக் கையை இரண்டே போல்ற்றுகள்தாம் பிடிக்கின்றன, அவை உராயும் தகடோ மெல்லியது. தயாரிப்பாளருக்கு எழுதிக் கேட்டதற்கு, மூன்று வாரம் கழித்து முழுத் தொகுதியையும் 480 டொலருக்கு மாற்றும்படி பதில் வந்தது. தேயும் தகட்டைத் தனியாக விற்பதில்லையாம். இவ்வளவு கவனமாக எஞ்சினும் சில்லும் அமைத்தவர்கள் இந்த ஓர் இணைப்பை இப்படி விட்டிருப்பதை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை.

பித்தளைத் தகட்டை வெட்டி இடையில் வைத்து, தடித்த போல்ற் போட்டுச் சரிசெய்தேன். அடுத்த நாள் 22 அங்குல அகலக் குற்றி ஒன்றில் எடுத்த பலகையின் மேல் அதே இரும்புச் சட்டத்தை வைத்தபோது வெளிச்சம் தெரியவில்லை. ஆனால் பித்தளையும் தேய்கிறது. ஏறத்தாழ 40 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை மறுபடி அளந்து, மறுபடி தகடு வைக்க வேண்டியிருக்கிறது. போன மாதம் செய்தது ஏழாவது தடவை.

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மரக்காலைக்குக் குற்றி கொண்டுபோனால், அரிந்து முடியும்வரை அப்பா அந்த இடத்தை விட்டு அசையமாட்டார். பிழையாக அரிந்த மரத்தை ஒட்டித் திருப்பித்தர ஆருமில்லை என்பார். அந்த முதல் வருடத்தில் நான் கெடுத்த பலகைகளை நினைக்கும்போதெல்லாம் அந்தச் சொல்தான் வந்து நிற்கிறது. இரண்டு மரங்களின் பலகைகள் முழுதாகவே போய்விட்டன.

சரியாக அரியும் நாளில் இந்த மில்லைப் போல மனதை நிறைக்கும் பொருள் என்னிடம் வேறில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மேல் சிராயை நீக்கியதும் ஈரம் மினுங்க வெளிப்படும் ஆஷின் வெண்மையையும், அதில் ஆண்டு வளையங்கள் நீண்டு மலை முகடுகள்போல அடுக்காகக் கிடப்பதையும், அந்த மரத்தை இருபது ஆண்டு வேலியோரம் பார்த்த நான் அன்றுதான் கண்டேன். வாள் தின்னும் மரமும் மிகக் குறைவு. வட்ட வாள் ஒரு வெட்டுக்குக் கால் அங்குலம் வரை தூளாக்கும், இது அங்குலத்தின் பன்னிரண்டில் ஒரு பங்குக்கு மேல் எடுப்பதில்லை. பத்து வெட்டில் ஒரு பலகைக்கு மேலேயே மிச்சம். அரிந்தவற்றை முனைகளில் மெழுகு பூசி, 16 அங்குலத்துக்கு ஒன்றாக இடைக்கட்டை வைத்து அடுக்கி, அங்குலத் தடிப்புக்கு ஓராண்டு என்ற கணக்கில் காயவிட்டேன். வீட்டுப் படிக்கட்டும், இப்போது நான் எழுதும் மேசையும் அந்த அடுக்கிலிருந்து வந்தவை.

ஆனாலும் நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். வார இறுதியில் மட்டும் நேரம் கிடைக்கும் ஒருவர், அளப்பதிலும் தகடு வைப்பதிலும் அந்த நேரத்தைக் கொடுப்பது நியாயமில்லை. கொஞ்சம் கூடக் கொடுத்து, கை நான்கு போல்ற்றில் நிற்கும் வேறு மாதிரியைத் தேடுங்கள். என்னுடையதை விற்கச் சொல்லி வைகாசியில் ஒருவர் வந்து, நான் கொடுத்த விலைக்கு மேலேயே கேட்டார். கொடுக்கவில்லை. வேலியோரம் இன்னும் ஒன்பது மரம் நிற்கிறது.

அதையும் மீறிப் பார்க்கப் போவதென்றால், எஞ்சின் சத்தத்தைக் கேட்டு மயங்காதீர்கள். எஞ்சினை நிறுத்தச் சொல்லி, கையுறை போட்டுக்கொண்டு அந்தக் கையை முதலில் உள்ளே தள்ளியும் பிறகு முழுதாக வெளியே இழுத்தும், உருளைக்குப் பக்கத்தில் வாளிலிருந்து படுகைவரை அளவு நாடாவால் இரண்டு தடவை அளந்து பாருங்கள். இரண்டு அளவுக்கும் இடையே 1/32 அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், விற்பவர் எவ்வளவு குறைத்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.