டேக் கிளவுட்டா, பட்டியலா, தேடல் பெட்டியா: தமிழ்த் தளத்துக்கு எது உதவும்?

பழைய தமிழ் வலைப்பதிவு எதையாவது திறந்து பாருங்கள். பக்கப்பட்டையில் பெரும்பாலும் ஒரு சொற்குவியல் கிடக்கும். ‘அனுபவம்’ கொட்டை எழுத்தில், ‘அரசியல்’ அதைவிடக் கொஞ்சம் சின்னதாக, நடுவில் எங்கோ ‘சமையல்’ பொடி எழுத்தில். இதுதான் டேக் கிளவுட், குறிச்சொல் மேகம்: பதிவு எதைப் பற்றியது என்று காட்ட எழுதுகிறவர் இடும் சொல்தான் குறிச்சொல், அதிகம் இட்டது பெரிய எழுத்தில் வரும். இன்றைக்கும் புதிதாகத் தளம் தொடங்குகிறவர்கள் “அதையும் ஒரு ஓரத்தில் போட்டுவிடலாமே” என்கிறார்கள். போடுவதும் சுலபம். வேர்ட்பிரஸில் ஒரு விட்ஜெட்டை இழுத்து வைத்தால் போதும். பிளாகரில் லேபிள்களை (குறிச்சொல்லுக்கு அங்கே அந்தப் பெயர்) பட்டியலாகக் காட்டவா, மேகமாகக் காட்டவா என்று அதுவே கேட்கும். காசும் நேரமும் செலவாகாத வேலை என்பதால், அது யாருக்கு என்ன உதவி செய்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குறிச்சொற்கள் ஆங்கிலத் தளத்தைவிடத் தமிழ்த் தளத்துக்கு அதிகம் தேவை. அவற்றை மேகமாகக் காட்டுவதுதான் தேவையில்லை. ஏன் என்று பார்க்க, மேகத்தை அதன் போட்டியாளர்கள் பக்கத்தில் நிறுத்த வேண்டும்.

மேகம் எங்கே பிறந்தது

முக்கியத்துவத்தை எழுத்தின் அளவால் காட்டும் யோசனை இணையத்துக்கு முந்தையது. 1976இல் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம், பாரிஸ்வாசிகள் தங்கள் நகரத்தை மனதில் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று ஆராய்ந்தார். அதிகம் பேர் குறிப்பிட்ட இடத்தின் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டு ஒரு வரைபடமும் தந்தார். வலையில் இதைப் பரப்பியது 2004இல் வந்த ஃப்ளிக்கர். அதற்கு முந்தைய ஆண்டு ஜோஷுவா ஷாக்டர் தொடங்கிய, இணையச் சுட்டிகளைச் சேமித்துவைக்கும் டெலிஷியஸும் குறிச்சொற்களை நம்பியே நடந்தது.

இந்த இரண்டு தளங்களையும் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மேகம் அங்கே ஒரு காரணத்தோடு இருந்தது. ஃப்ளிக்கரில் இருப்பது புகைப்படம். படத்துக்குள் சொல் கிடையாது, அதனால் அன்றைய தேடல் பெட்டிக்கு அங்கே பிடிமானமே இல்லை. படம் எடுத்தவர் ‘கடற்கரை’ என்று எழுதி வைத்தால்தான் அது கடற்கரைப் படம். டெலிஷியஸில் ஒரே சுட்டிக்குப் பலர் குறிச்சொல் இட்டார்கள். அங்கே ஒரு சொல் பெரிதாகத் தெரிந்தால், ஆயிரக்கணக்கானோரின் வாக்கு அதில் இருக்கிறது என்று பொருள்.

இதே மேகத்தை ஒருவர் மட்டும் எழுதும் தளத்தில் வைத்தால் என்ன ஆகும்? ‘அனுபவம்’ பெரிதாகத் தெரிவதற்கு ஒரே காரணம், அவர் அந்தச் சொல்லை அடிக்கடி இட்டார் என்பதுதான். வாசகர் எதை விரும்பினார், எது நன்றாக எழுதப்பட்டது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சும்மா பதிவு போடும்போதெல்லாம் கை பழக்கத்தில் ‘பொது’ என்று தட்டியவர் தளத்தில் ‘பொது’தான் ராஜா.

2005இலேயே வலை வடிவமைப்பாளர் ஜெஃப்ரி ஸெல்ட்மேன், டேக் கிளவுட்தான் இப்போதைய ‘மல்லெட்’ என்று நக்கலடித்தார். மல்லெட் என்பது முன்னால் ஒட்ட வெட்டிப் பின்னால் நீளமாக விட்ட, 80களின் முடி அலங்காரம். ஃபேஷன் பரவியது, காரணம் அதோடு சேர்ந்து வரவில்லை.

எழுத்தளவு சொல்லும் கணக்கு

வேர்ட்பிரஸின் இயல்பான அமைப்பில் மிகச் சிறிய சொல் 8 பாயிண்ட், மிகப் பெரியது 22 பாயிண்ட், அதிகபட்சம் 45 சொற்கள். பதிவு எண்ணிக்கையை அது நேரடியாக எழுத்தளவாக்குவதில்லை. மடக்கை (log) எடுத்து, வித்தியாசத்தைக் குறுக்கித்தான் அளவு போடுகிறது. இல்லாவிட்டால் ஒரு பெரிய சொல் மற்ற எல்லாவற்றையும் தூசியாக்கிவிடும்.

சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தளத்தில் ‘சினிமா’வுக்கு 100 பதிவு, ‘அரசியல்’ 50, ‘பயணம்’ 10, ‘நூலகம்’ 1. சினிமா 22 பாயிண்டில் வரும். அரசியல் கிட்டத்தட்ட 19.6. பயணம் சுமார் 14. நூலகம் 8. அதாவது சினிமாவில் பாதியே உள்ள அரசியல், கண்ணுக்கு அதற்குச் சமமாகத் தெரிகிறது. பத்தில் ஒரு பங்கே உள்ள பயணம், பாதிக்கு மேலான உயரத்தில் நிற்கிறது. எண்ணிக்கையைச் சொல்வதற்காகவே பிறந்த ஒரு வடிவம், எண்ணிக்கையைப் பற்றி இவ்வளவு மழுப்பினால் எப்படி?

தமிழில் இன்னொரு கோளாறும் சேர்கிறது. நம் சொற்களின் நீளம் ஏகத்துக்கு மாறும். ‘கதை’ இரண்டே எழுத்து. ‘சுற்றுச்சூழல்’, ‘மொழிபெயர்ப்பு’ எல்லாம் ஒரு வரியையே அடைத்துக்கொள்ளும். ஐந்து பதிவுள்ள ‘மொழிபெயர்ப்பு’ முப்பது பதிவுள்ள ‘கதை’யைவிட அதிக இடம் பிடித்து, அதுதான் முக்கியம் என்பதுபோல் உட்கார்ந்திருக்கும். அப்புறம் அந்த 8 பாயிண்ட். உலாவியில் அது சுமார் 11 பிக்சல். ஆங்கில எழுத்து அதில் ஒருவாறு தப்பிக்கும். ணை, ழு, று, ஞ்சு எல்லாம் அந்த அளவில் கறுப்புப் பொட்டுகள். கைபேசியில் விரலால் அதைச் சரியாகத் தொடுவது தனிச் சாமர்த்தியம்.

மேகமும் பட்டியலும்

மேகத்துக்கு நேர் எதிரி, அதே குறிச்சொற்களைக் கீழ்க்கீழாக, ஒரே எழுத்தளவில், பக்கத்தில் எண்ணிக்கையோடு அடுக்கும் பட்டியல். சினிமா 100, அரசியல் 50, பயணம் 10. அழகு குறைவுதான். ஆனால் ஒரு பார்வையில் விஷயம் தெரிந்துவிடுகிறது.

2007இல் மார்ட்டின் ஹால்வி, மார்க் கீன் இருவரும் இரண்டையும் ஆட்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு சொல்லைக் கண்டுபிடிப்பதில் அகரவரிசைப் பட்டியல் மேகத்தை முந்தியது. பெரிய எழுத்தில் இருந்த சொல் விரைவில் கண்ணில் பட்டது உண்மை. ஆனால் மேகத்தை யாரும் படிக்கவில்லை, மேலோட்டமாகக் கண்ணை ஓட்டினார்கள். பொடி எழுத்தில் இருப்பதை அந்த ஓட்டத்தில் யார் கவனிப்பார்கள்?

அகரவரிசை என்றதும் தமிழ்க்காரர்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். மேகமும் சரி, பட்டியலும் சரி, இயல்பாகச் சொற்களைப் பெயர் வரிசையில்தான் அடுக்கும். அந்த வரிசை நம் அகராதி வரிசை அல்ல, பெரும்பாலும் கணினிக்காக ஒவ்வொரு எழுத்துக்கும் தந்திருக்கும் யூனிகோட் எண்களின் வரிசை. அகராதியில் ‘கட்டுரை’ முதலில், ‘கடிதம்’ பிறகு. ஏனென்றால் புள்ளி வைத்த மெய்க்குத்தான் முதலிடம். யூனிகோடில் புள்ளிக்கான எண் எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால் இருப்பதால், ‘கடிதம்’ முந்திக்கொள்கிறது. ‘கல்வி’யும் ‘கலை’யும் இதேபோல் இடம் மாறும். அங்கே ன-வும் ந-வுக்கு அடுத்தே வந்துவிடுவதால் ‘இனிப்பு’ வந்த பிறகே ‘இயற்கை’ வரும். இருபது சொல் உள்ள தளத்தில் இது பெரிய விஷயமில்லை. இருநூறு உள்ள தளத்தில், அகராதி பார்த்துப் பழகியவர் தேடும் இடத்தில் சொல் இருக்காது. அதனால் தமிழில் எண்ணிக்கை வரிசைப் பட்டியலே பத்திரம்.

பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் எழுத்தளவைச் சொல்லாது. 22 பாயிண்டும் 8 பாயிண்டும் அதற்கு ஒன்றுதான். வேர்ட்பிரஸ் இதற்காக ஒவ்வொரு சொல்லின் பின்னணியிலும் எண்ணிக்கையை எழுதி வைக்கிறது. கூடவே, வேர்ட்பிரஸின் சொந்தத் தீம் (தளத்தின் தோற்ற வடிவம்) ஆன ‘ட்வென்டி செவன்டீன்’ இந்த விட்ஜெட்டின் எல்லாச் சொற்களையும் ஒரே அளவில், பட்டியல் வடிவில் காட்டும்படி மாற்றப்பட்டது. அணுகல் வசதிக்காகவே அந்த மாற்றம். பெயர் டேக் கிளவுட், உள்ளே இருப்பது பட்டியல். இதைவிட என்ன தீர்ப்பு வேண்டும்?

தேடல் பெட்டி: தமிழில் கால் நொண்டும்

‘ஆளுக்கு வேண்டியது என்னவென்று தெரிந்தால் தேடுவார், தெரியாவிட்டால் மேய்வார்’ என்பது பொது அறிவு. ஜேம்ஸ் சின்கிளேர், மைக்கேல் கார்டியூ-ஹால் 2008இல் வெளியிட்ட ஆய்வும் ஏறக்குறைய அதையே காட்டியது. குறிப்பிட்ட ஒரு தகவல் தேவைப்பட்டபோது பங்கேற்றவர்கள் தேடல் பெட்டியை நாடினார்கள். பொதுவாக என்ன இருக்கிறது என்று பார்க்கும்போது மேகத்தை. பிரபலமான சொற்களை மட்டும் காட்டுவதால் மேகத்தின் வழியே எல்லாக் கட்டுரைகளையும் எட்ட முடியாது என்பதும் அதில் உண்டு.

இதைப் படித்துவிட்டு, தேடல் பெட்டி ஒன்றே போதும் என்று ஆங்கிலத் தளம் முடிவு செய்யலாம். நாம் முடியாது. வேர்ட்பிரஸின் சாதாரணத் தேடல், நாம் தட்டிய எழுத்துத் தொடர் அப்படியே பதிவில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். ‘தேர்தல்’ என்று தேடுங்கள். ‘தேர்தலில்’, ‘தேர்தலை’, ‘தேர்தலுக்கு’ என்று மட்டும் எழுதிய கட்டுரை வராது. கடைசி ல்-லின் புள்ளி, வேற்றுமை உருபு சேர்ந்ததும் போய்விட்டது. கணினிக்கு அது வேறு தொடர். ‘கடல்’ என்று தேடினால் ‘கடலில்’ கிடைக்காது. ‘வீடு’ தேடினால் ‘வீட்டில்’ வராது, ‘மரம்’ தேடினால் ‘மரத்தை’ வராது. ‘மதுரை’ தப்பிக்கும், ஏனென்றால் ‘மதுரையில்’ என்பதற்குள் அது முழுசாக இருக்கிறது. இதெல்லாம் போக, கூகுளா கூகிளா, பேஸ்புக்கா ஃபேஸ்புக்கா என்ற தீராத சண்டை.

குறிச்சொல்லின் மதிப்பு இங்கேதான். அது வேற்றுமை உருபு ஏறாத சொல். பதிவுக்குள் ‘தேர்தலில்’ என்று எத்தனை முறை எழுதியிருந்தாலும், மேலே ‘தேர்தல்’ என்று ஒரு குறிச்சொல் இருந்தால் பிடி கிடைத்துவிடும். ஆனால் ஒரு சிக்கல்: வேர்ட்பிரஸின் இயல்பான தேடல், தலைப்பையும் சுருக்கத்தையும் பதிவின் உடலையும் மட்டும் துழாவும், குறிச்சொற்களைத் தொடவே தொடாது. பக்கத்திலேயே சாவி இருக்க, பூட்டை உடைக்கிற மாதிரி. ஒரு ப்ளக்இன்னோ சில வரி நிரலோ சேர்த்துக் குறிச்சொல்லையும் தேடலுக்குள் கொண்டுவந்தால், தமிழ்த் தளத்தின் தேடல் உடனே நிமிர்ந்துவிடும். மேகத்துக்குச் செலவிடும் அக்கறையில் பாதி போதும்.

வகைகளும் வடிகட்டிகளும்

வகைப் பட்டியலைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. ஐந்தாறு வகை, மேலே மெனுவில், அவ்வளவுதான். ‘பொங்கல் சமையல்’ பண்டிகையில் சேருமா உணவில் சேருமா என்ற குழப்பம் எப்போதும் இருக்கும். அதைத் தீர்க்கத்தான் குறிச்சொல்.

வடிகட்டி வேறு ஜாதி. துணிக்கடைத் தளத்தில் நிறம், அளவு, விலை என்று தனித்தனியாகத் தேர்ந்தெடுத்துக் குறுக்கிக்கொண்டே போகிறோமே, அது. இதன் வேர் நம் ஊரில் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த சீர்காழிக்காரர் எஸ். ஆர். ரங்கநாதன் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்புமுறை, ஒரு நூலை ஒரே பெட்டியில் அடைக்காமல் பொருள், செயல், இடம், காலம் என்று பல முகங்களாகப் பிரித்துப் பார்த்தது. சமையல் குறிப்புத் தளத்துக்கு இதை மிஞ்ச ஒன்றும் கிடையாது. சைவம், காலை உணவு, அரை மணி நேரத்துக்குள் என்று திரையில் மூன்று முறை தட்டினால் ஆள் இட்லி உப்புமாவில் வந்து நிற்பார். ஆனால் எல்லாப் பதிவுக்கும் ஒரே மாதிரியான பண்புகள் இருந்தால்தான் இது நடக்கும். கட்டுரைக்கும் கவிதைக்கும் ‘சமைக்கும் நேரம்’ கிடையாதே.

மேகம் எங்கே ஜெயிக்கும்

முழுக்கத் தள்ளிவிட மனமில்லை. பலர் எழுதும் தளம், பலர் படம் ஏற்றும் தளம், இங்கே என்ன நடக்கிறது என்று முதன்முறை வருபவருக்கு ஒரு பார்வையில் காட்ட வேண்டிய முகப்பு: இங்கெல்லாம் மேகம் தன் வேலையைச் செய்யும். மார்ட்டி ஹெர்ஸ்ட், டேனியலா ராஸ்னர் இருவரும் 2008இல் இதைப் பற்றி எழுதியபோது, மேகத்தை ஒரு ஆய்வுக் கருவி என்பதைவிட, இங்கே மனிதர்கள் கூடிப் பழகுகிறார்கள் என்று காட்டும் அடையாளமாகவே பார்த்தார்கள். திருவிழா வாசலில் வைக்கும் அலங்காரத்துக்கும் இடம் உண்டுதான். ஆனால் கைபேசியில் பக்கப்பட்டை கட்டுரைக்கும் பின்னூட்டங்களுக்கும் கீழே போய்விடுகிறது. வாசல் அலங்காரம் கொல்லைப்புறத்தில் தொங்கினால் யாருக்கு?

எதைத் தேர்ந்தெடுத்தாலும், சொற்களைச் சுத்தமாக வைக்காவிட்டால் எல்லாம் வீண். ‘சினிமா’, ‘திரைப்படம்’, ‘திரை விமர்சனம்’, ‘சினிமா விமர்சனம்’ என்று நான்கு பேரில் ஒரே விஷயம் சிதறிக் கிடக்கும். ‘தொழில்நுட்பம்’ ஓரிடத்தில், ‘தொழில் நுட்பம்’ இன்னோரிடத்தில். நிரல் எழுதுகிறவர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ இதைக் கண்டிப்பாக நடத்துகிறது: ஒரு கேள்விக்கு ஐந்து குறிச்சொல்லுக்கு மேல் கிடையாது, ஒரே பொருளுள்ள சொற்களை ஒன்றாக இணைத்துவிடுவார்கள், புதிதாக ஒரு குறிச்சொல் உருவாக்கவே 1500 புள்ளி சேர்த்திருக்க வேண்டும். அவர்களின் குறிச்சொல் பக்கத்தில் மேகம் இல்லை. சொல், ஒரு சின்ன விளக்கம், எண்ணிக்கை.

பிளாகரில் இருப்பவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். லேபிள் கேட்ஜெட்டைத் திறந்து, மேகத்துக்குப் பதில் பட்டியலையும், அகரவரிசைக்குப் பதில் எண்ணிக்கை வரிசையையும் தேர்ந்தெடுங்கள். பதிவுகளின் எண்ணிக்கையைக் காட்டும் பெட்டியில் டிக் அடியுங்கள். ஒன்றிரண்டு பதிவே உள்ள லேபிள்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, முதலில் அந்த ‘பொது’வைப் பிரித்து மேயுங்கள்.