80 நாள் குழந்தையோடு திருச்சியிலிருந்து சிங்கப்பூர்: விமானச் சேவை எப்படி இருந்தது?

விமானத்துக்குள் கிடைத்த கவனிப்புக்கு 5-க்கு 4 தருவேன். டிக்கெட் எடுக்கும்போது கிடைத்த தகவலுக்கு 1-க்கு மேல் தர மனம் வரவில்லை. நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. கைக்குழந்தையோடு திருச்சியில் ஏறப்போகிற யாருக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

எங்கள் ஊர் பாபநாசம். தலைப்பிரசவம் என்பதால் அம்மா வீட்டில் இருந்தேன். ஐப்பசி அடைமழையில் கும்பகோணத்தில் சிசேரியன் ஆனது. 37 வாரத்தில் பிறந்த பையன், எடை 2 கிலோ 600. என் கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார், ஒரு மாத விடுப்பில் வந்திருந்தார். திரும்பும்போது எங்களையும் கையோடு கூட்டிப்போய்விட வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஏஜென்ட்டிடம் கேட்டதற்கு, "பொறந்து 7 நாள் ஆயிட்டா போதும் சார், தாராளமா கூட்டிட்டுப் போகலாம். பாஸ்போர்ட்டை தட்கல்ல எடுத்துடலாம்" என்றார். நிறுவனத்துக்கே போன் போட்டுப் பார்த்தோம். அங்கேயும் நாள் கணக்குதான் சொன்னார்கள்: இத்தனை நாளுக்குள் என்றால் டாக்டர் சான்று வேண்டும், தாண்டிவிட்டால் எதுவும் வேண்டாம். குழந்தை குறைமாதமா, எடை என்ன, மஞ்சள் காமாலை இருந்ததா என்று ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை. 28-ஆம் நாளுக்கு டிக்கெட் போட்டுவிட்டோம்.

அப்பாயி மட்டும், "மூணாம் மாசத்துக்கு முன்னாடி பச்சப்புள்ளயத் தூக்கிட்டு ஊர் தாண்டுவாங்களா?" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நாங்கள் அதைச் சம்பிரதாயம் என்று விட்டுவிட்டோம்.

நிறுத்தியது குழந்தை டாக்டர்தான். எடை பார்க்கப் போன இடத்தில் பேச்சுவாக்கில் டிக்கெட் விஷயத்தைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "7 நாள், 14 நாள்ங்கறது அவங்க ஏத்திக்கிறதுக்கு வெச்சிருக்கிற கணக்கும்மா. உங்க புள்ள கணக்கு வேற" என்றார்.

அவர் விளக்கியதை அப்படியே தருகிறேன், எனக்கு மிகவும் உதவியது. விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலைமேல் இருப்பதைப் போன்றது. கிட்டத்தட்ட கொடைக்கானலில் 4 மணி நேரம் உட்கார்ந்திருப்பது மாதிரி. நிறைமாதத்தில் பிறந்த ஆரோக்கியமான குழந்தை பொதுவாக அதைத் தாங்கிக்கொள்ளும். குறைமாதக் குழந்தை, நுரையீரலிலோ இதயத்திலோ பிரச்சினை உள்ள குழந்தை என்றால் டாக்டரிடம் கேட்காமல் ஏறவே கூடாது. குறைமாதக் குழந்தைக்கு வயதைப் பிறந்த நாளிலிருந்து எண்ணாமல், பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ண வேண்டும்.

அவருக்கு அதைவிடப் பெரிய கவலை தொற்று. மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், வீட்டில் வைத்து மருந்து கொடுத்துப் பார்க்கிற வயதில்லை அது. நூற்றுக்கு மேல் பேர் இருமிக்கொண்டும் தும்மிக்கொண்டும் உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு, 45-ஆம் நாள் ஊசிகூடப் போடாத குழந்தையை ஏன் கொண்டுபோக வேண்டும்? "75-ஆம் நாள் ஊசியும் போட்டுட்டு, காய்ச்சல் விட்டு நாலு நாள் பாத்துட்டுக் கிளம்புங்க. தட்டம்மை ஊசி 9 மாசத்துலதான், அதனால அப்பவும் இருமுறவங்க பக்கத்துல உக்காராதீங்க" என்றார். ரெண்டு மூன்று மாதம் முடிந்து போவதுதான் நல்லது என்பது அவருடைய தீர்ப்பு. அப்பாயி சொன்னதும் அதே மூன்றாம் மாதம்தான்.

பிரசவம் பார்த்த டாக்டரம்மா இன்னொன்று சொன்னார், இதை யாரும் நமக்குச் சொல்வதில்லை. பிரசவமாகி முதல் 6 வாரம் காலில் ரத்தம் உறைந்து கட்டிக்கொள்ளும் அபாயம் தாய்க்கு அதிகம், சிசேரியன் என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதல். அசையாமல் மணிக்கணக்கில் உட்காருவது அதைக் கூட்டும். எல்லோரும் குழந்தையைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தோம், பச்சை உடம்புக்காரியான என்னைப் பற்றி நானே யோசிக்கவில்லை.

தேதியை மாற்றினோம். மாற்றுக் கட்டணம் பிடித்தார்கள், அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் கணவர் தனியாகக் கிளம்பிப் போன ராத்திரி எனக்கு இன்னும் மறக்கவில்லை. முதல் நாளே சரியான தகவல் சொல்லியிருந்தால் சேர்ந்து போகலாம் என்ற ஆசையையே வளர்த்திருக்க மாட்டோம்.

கிடைத்த இடைவெளியில் பாஸ்போர்ட் வேலையை அவசரமில்லாமல் முடித்தோம். பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏறிய பிறகுதான் விண்ணப்பிக்க முடிந்தது. 4 வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு நாமே போட்டோ கொண்டுபோக வேண்டும், வெள்ளைப் பின்னணியில், கண் திறந்திருக்க வேண்டும். தூங்கிக்கொண்டே இருக்கும் குழந்தையின் கண் திறக்கும் வரை ஸ்டூடியோக்காரர் முக்கால் மணி நேரம் பொறுமையாகக் காத்திருந்தார். தஞ்சாவூர் பாஸ்போர்ட் சேவா மையத்தில் கைக்குழந்தை என்று பார்த்ததும் சீக்கிரம் அனுப்பினார்கள்.

தை கடைசியில், 80-ஆம் நாள் கிளம்பினோம். அம்மாவும் கூட வந்தார். சம்பா அறுவடை நேரம், சாலையோரம் எங்கும் நெல் காய்ந்துகொண்டிருந்தது. தூசி மூக்கில் ஏறாமல் இருக்கக் கார்க் கண்ணாடியை ஏற்றியே வைத்திருந்தோம். செங்கிப்பட்டியில் ஒருமுறை நிறுத்திப் பால் கொடுத்தேன். திருச்சி விமான நிலையத்தில் 2024 ஜூனில் பயன்பாட்டுக்கு வந்த புது முனையம் கைக்குழந்தைக்காரர்களுக்கு நிஜமாகவே வசதி. பால் கொடுக்கத் தனி அறை சுத்தமாக இருந்தது. பிழிந்து எடுத்துப்போன தாய்ப்பாலைப் பாதுகாப்புச் சோதனையில் தடுக்கவில்லை. திரவத்துக்கு உள்ள 100 மில்லி கட்டுப்பாடு, பயணத்துக்குத் தேவையான குழந்தைப் பாலுக்கு இல்லை. தள்ளுவண்டியை விமான வாசல் வரை கொண்டுபோக விட்டார்கள்.

உள்ளே போனதும் ஏமாற்றம். தொட்டில் கேட்டுப் பதிவு செய்திருக்கிறேன் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தார். இந்த அளவு விமானத்தில் தொட்டிலே கிடையாதாம். பெரிய விமானங்களில்தான் முன் சுவரில் மாட்டுவார்களாம், அதற்கும் எடை வரம்பு உண்டு. 4 மணி நேரமும் மடிதான். அம்மா கூட இல்லாவிட்டால் என் கை போயிருக்கும்.

ஆனால் பணிப்பெண்கள் அருமை. என் பெல்ட்டோடு கோத்துக் குழந்தைக்குப் போடுகிற குட்டி பெல்ட்டைக் கொண்டுவந்து, மாட்டிக் காட்டி, தையல் இருக்கும் இடத்தில் படாமல் சரிசெய்தும் கொடுத்தார் ஒருவர். காது அடைப்பு ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் குழந்தைக்கு அதிகம் வலிக்கும், அந்த நேரம் பால் குடித்து விழுங்கிக்கொண்டே இருந்தால் காது விட்டுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சிக்கல் என்னவென்றால், எப்போது இறங்கத் தொடங்குகிறார்கள் என்று நமக்குத் தெரியாது. தரை தொட அரை மணிக்கு முன்பே ஆரம்பித்துவிடுகிறது. அந்தப் பெண் தானாகவே வந்து குனிந்து, "இப்ப கீழ இறங்கப் போறோம்கா, பாப்பாவுக்குப் பால் குடுங்க" என்றார். அந்த 4 நட்சத்திரமும் அவருக்குத்தான். பையன் குடித்தபடியே சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கினான், ஒரு அழுகை இல்லை. மூன்று வரிசை பின்னால் ஒரு குழந்தை கதறியது, என் மனசு அங்கேயே இருந்தது.

எனக்கும் ஒரு மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டியிருந்தது. ஜன்னலோர இருக்கை கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு முறையும் அம்மாவும், ஓரத்தில் இருந்த ஒரு பட்டுக்கோட்டைக்காரரும் எழுந்து வழிவிட்டார்கள். அப்புறம் அந்த அண்ணனே தன் இடத்தை எனக்குக் கொடுத்துவிட்டார். பிரசவமானவர்களுக்கு நடைபாதை ஓர இருக்கையை நிறுவனமே கேட்டுக் கொடுக்கலாம். இறங்கிய பிறகு தள்ளுவண்டி வர 20 நிமிடம் ஆனது, அதற்கு ஒரு நட்சத்திரம் குறைத்தேன்.

ஆவணியில் காதுகுத்துக்கு ஊருக்கு வருகிறோம். அதற்குள் 9 மாத ஊசியும் போட்டிருப்போம். இதே விமானத்தில்தான் டிக்கெட் எடுத்திருக்கிறேன், இந்த முறை ஏஜென்ட் இல்லாமல், ஓர இருக்கைக்குத் தனியாகப் பணம் கட்டி.