ஃப்ரீ டிஷ் எம்பெக்-4 பாக்ஸ்: மாசக் காசு இல்ல, ஆனா பின்பக்கம் பாத்து வாங்குங்க

முதல்லயே சொல்லிடுறேன். சன் டிவி, விஜய், ஜீ தமிழ் சீரியல் இல்லாம ராத்திரி சோறு இறங்காதுன்னா இதை படிக்கவே வேணாம், தூர்தர்ஷன் மாசக் காசு இல்லாம சேட்டிலைட் டிஷ் வழியா குடுக்குற டிடி ஃப்ரீ டிஷ்ல அந்த சேனல் எதுவும் வராது. ஊர்ல அப்பா அம்மாவுக்கு நியூஸும் பாட்டும் போதும், ரெண்டாவது டிவி சும்மா கிடக்கு, மாசாமாசம் ரீசார்ஜ் பண்ற தலைவலி வேணாம்னு நினைக்கிறவங்களுக்குத்தான் இது.

நான் வாங்கினது திண்டுக்கல் பக்கம் எங்க தோட்டத்து வீட்டுக்கு. அங்க கேபிள் ஒயரு வராது. முன்னாடி ஒரு டிடிஎச் இருந்துச்சு, பேரு வேணாம், அப்பா அங்க தங்குறதே வெள்ளாம சமயத்துலதான் ஆனா பணம் மட்டும் வருஷம் முழுக்க போய்க்கிட்டே இருந்துச்சு, நடுவுல நிறுத்தி வைங்கன்னு கஸ்டமர் கேருக்கு போன் பண்ணா ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு சொல்றாங்க, கடைசில சரி போதும்னு விட்டாச்சு.

கடையில போய் ஃப்ரீ டிஷ் பாக்ஸ் குடுங்கண்ணேன்னு கேட்டா அந்த அண்ணன் ரெண்ட எடுத்து மேசைல வச்சாரு. ஒண்ணு 800, இன்னொண்ணு 1,450. "ரெண்டுலயும் படம் வரும் தம்பி, இதுல கொஞ்சம் சேனல் கூட வரும்" அவ்வளவுதான் விளக்கம். அந்த "கொஞ்சம் கூட"ங்குறதுலதான் எல்லாமே இருக்கு, அத கடைல யாரும் சொல்றதில்ல. 800 ரூபா பாக்ஸ் எம்பெக்-2 படம் மட்டும்தான் காட்டும். 1,450 பாக்ஸ் எம்பெக்-4 படமும் காட்டும், டிவிபி-எஸ்2 சிக்னலையும் பிடிக்கும். எம்பெக்-2 வந்து படத்தை சுருக்கி அனுப்புறதுக்கு 90கள்ல வந்த முறை, எம்பெக்-4 அதே படத்தை கிட்டத்தட்ட பாதி டேட்டால அனுப்பும். டிவிபி-எஸ்2ங்கிறது சேட்டிலைட் சிக்னல் அனுப்புற புது முறை, அதே அலைவரிசைல பழைய டிவிபி-எஸ்ஸ விட சுமார் 30 சதவீதம் அதிகமா சரக்கு ஏத்தலாம். அதனால புதுசா வர்ற சேனல் நிறைய இந்த பக்கம்தான் வருது, தூர்தர்ஷன் சேனல் இடம் ஏலம் விடும்போதே எம்பெக்-2 இடம் தனி எம்பெக்-4 இடம் தனின்னுதான் விக்கிறாங்க. பழைய பாக்ஸ் வச்சிருக்கவங்க டிவில எம்பெக்-4 சேனல் ஒண்ணு பேரு மட்டும் வந்து ஸ்கிரீன் கருப்பா நிக்கும், இல்ல லிஸ்ட்லயே வராது. அதனால 650 ரூபா மிச்சம் பிடிக்கிறேன்னு எம்பெக்-2 வாங்கிடாதீங்க, அது கடைக்காரருக்கு தேங்கிப்போன ஸ்டாக்க தள்ளிவிட்ட மாதிரி ஆயிடும்.

டிஷ் புதுசா வாங்கல. பழைய டிடிஎச் டிஷ் மாடில துருப்பிடிக்காம நல்லாவே இருந்துச்சு, டிஷ் முன்னாடி சிக்னல் பிடிக்கிற எல்என்பியும் சாதா யுனிவர்சல்தான், திருப்பி மட்டும் வச்சோம். ஃப்ரீ டிஷ் வர்றது ஜிசாட்-15ல இருந்து, 93.5 டிகிரி கிழக்கு. நம்ம பக்கத்துல இருந்து பாத்தா டிஷ் தென்கிழக்கு பாத்து கிட்டத்தட்ட வானத்தை அண்ணாந்து பாக்குற மாதிரி நிக்கணும், 68, 70 டிகிரி ஏத்தம் வரும். வடக்க எடுத்த யூட்யூப் வீடியோவ பாத்து கோணம் வைக்கிறவங்க இங்கதான் கோட்டை விடுறாங்க, அவங்க ஊர்ல டிஷ் இதவிட நல்லா சாஞ்சு நிக்கும். பக்கத்து வீட்டு தம்பி மாடில டிஷ்ஷ பிடிச்சிருக்க நான் கீழ டிவி முன்னாடி. ஸ்கிரீன்ல ரெண்டு கோடு வரும், ஒண்ணு ஸ்ட்ரெங்த் இன்னொண்ணு குவாலிட்டி. ஸ்ட்ரெங்த் 80 காட்டுதேன்னு சந்தோஷப்படாதீங்க, ஒயரும் எல்என்பியும் சேந்திருந்தாலே அது ஏறிக்கும், டிஷ் சுவத்தை பாத்துக்கிட்டு இருந்தாக்கூட ஏறும். குவாலிட்டி கோடு அசைஞ்சாத்தான் சேட்டிலைட் மாட்டிருக்குன்னு அர்த்தம். 11090, வெர்டிகல், 29500ன்னு டிரான்ஸ்பாண்டர் (சேட்டிலைட்ல சேனல் வர்ற ஒரு அலைவரிசை) போட்டு வச்சுக்கிட்டு "இன்னும் கொஞ்சம் கிழக்க... அவ்வளவு போவாதடா, நில்லு நில்லு"ன்னு கத்திக்கிட்டு கிடந்தோம். ஒரு விஷயம் கவனிங்க, மெனுல 22கே டோன்னு ஒண்ணு இருக்கும், அது ஆன்ல இருந்தா எல்என்பி 11700க்கு மேல உள்ள அலைவரிசைக்கு போயிடும், ஃப்ரீ டிஷ் 11700க்கு கீழ இருக்குறதால டிஷ் சரியா இருந்தாலும் ஒண்ணும் வராது. ஆட்டோல விடுங்க, இல்ல ஆஃப் பண்ணுங்க. இந்த பாக்ஸ்ல பேக்டரில இருந்தே ஆட்டோவாத்தான் வந்துச்சு, அதுக்கு ஒரு மார்க்.

ஸ்கேன் சட்டுனு முடிஞ்சுது. டிடி தமிழ் (பழைய பொதிகை, 2024 ஜனவரில பேரு மாத்தினாங்க) படம் சும்மா சொல்லக்கூடாது, எச்டிஎம்ஐல பளிச்சுன்னு இருக்கு. ஆகாசவாணி ரேடியோ சேனல்களும் இதே டிஷ்ல வருது, அப்பா டிவி ஸ்கிரீன ஆஃப் பண்ணிட்டு ரேடியோவாவே ஓட விடுறாரு. படிக்கிற பசங்க இருந்தா ஸ்வயம் பிரபா சேனல்களும் ஜிசாட்-15லதான் இருக்கு. தமிழ்ல தனியார் சேனல் ரொம்ப குறைச்சல், ஹிந்தி சேனல் கொட்டிக்கிடக்கு, போஜ்புரி சேனல் நம்ம ஆளுங்களுக்கு எதுக்குன்னு தெரியல. இத பாக்ஸ் மேல போட்டு பிரயோஜனம் இல்ல. ஏலத்துல யாரு இடம் எடுக்குறாங்களோ அவங்க சேனல்தான் வரும், தமிழ் சேனல் பெருசுங்களுக்கு இங்க கட்டண சந்தாலயே நல்லா ஓடும்போது ஓசில எதுக்கு குடுப்பாங்க.

குறைன்னு பாத்தா ரிமோட். பட்டன் கல்லு மாதிரி, பத்து அடி தள்ளி உக்காந்தா எழுந்து நின்னு அமுக்கணும். சேனல் மாத்தினா ஒரு மூச்சு விட்டுட்டுத்தான் படம் வருது. அடுத்து என்ன நிகழ்ச்சின்னு காட்டுற கைடு சுத்தமா உருப்படி இல்ல, நிறைய சேனலுக்கு காலியாவே இருக்கு. மறு ஸ்கேன் பண்ணா சேனல் நம்பர் இடம் மாறிடுது, அப்பா 17ங்கிற நம்பரை மனப்பாடம் பண்ணி வச்சிருந்தாரு, ஒரு ஸ்கேன் போட்டதும் 17ல யாரோ ஹிந்தில சாமி கும்பிடுறாங்க. மழை வந்தா போயிடும், அது கேயூ பேண்ட்ல, அதாவது சின்ன டிஷ்ல பிடிக்கிற அலைவரிசைல, வர்ற எல்லாத்துக்கும் உள்ளது, இத குறையா எடுக்கல. யூஎஸ்பில பென்டிரைவ் போட்டு ரெக்கார்ட் பண்ணலாம்னு அட்டைல போட்டிருக்கு, நிஜமாவே ஆகுது.

இப்ப பின்பக்கத்துக்கு வர்றேன், தலைப்புல சொன்னது. பாக்ஸை திருப்பிப் பாத்தா பிஐஎஸ் (இந்திய தர நிர்ணய அமைவனம்) முத்திரையும் ஐஎஸ் 13252ங்குற நம்பரும், கீழ ஆர்-னு ஆரம்பிக்கிற பதிவு நம்பரும் இருக்கணும். 2012ல மத்திய அரசு போட்ட கட்டாயப் பதிவு உத்தரவுல செட்டாப் பாக்ஸும் உண்டு. பிஐஎஸ் கேர் ஆப்புல அந்த ஆர் நம்பரை போட்டா எந்த கம்பெனி எந்த மாடலுக்கு வாங்கினதுன்னு வரும். கடைல நின்னுக்கிட்டே போட்டுப் பாருங்க, 800 ரூபா பாக்ஸ்ல அந்த ஸ்டிக்கரே காணோம். சரி, முத்திரை இருந்தா படம் வரும்னு கேரண்டியா? அதுதான் இல்ல. அந்த ஐஎஸ் 13252 கரண்ட் பாதுகாப்புக்கான தரம். ஷாக் அடிக்காது, தீப்பிடிக்காது, அதுவரைக்கும்தான் அதோட பொறுப்பு. எம்பெக்-4 தெரியுமா, எஸ்2 பிடிக்குமா, அடுத்த வருஷம் சேனல் மாறினா இந்த பாக்ஸ் தாங்குமான்னு அந்த முத்திரை ஒரு வார்த்தை சொல்லாது. கடைக்காரர் "ஐஎஸ்ஐ பாக்ஸ் தம்பி, கவலையே படாதீங்க"ன்னு சொல்றது பாதி உண்மை.

இத சொல்ல காரணம் இருக்கு. நாங்க நிறுத்தின டிடிஎச்சோட பாக்ஸ் வீட்ல சும்மா கிடக்கு. அதுவும் எம்பெக்-4தான், எஸ்2தான், உள்ள இருக்குற சிப்பு இந்த 1,450 ரூபா பாக்ஸ் செய்யிற வேலையை கண்ண மூடிக்கிட்டு செய்யும். ஆனா அந்த கம்பெனி சாஃப்ட்வேர் வேற சேட்டிலைட்ட தேடவே விடாது, சந்தா போனதும் அது செங்கல்லு. இப்படி நடக்கக்கூடாதுன்னு 2001 மார்ச்ல டிடிஎச் விதிமுறை எழுதும்போதே போட்டிருக்காங்க, எல்லா கம்பெனிக்கும் பொருந்துற மாதிரி திறந்த வடிவமைப்புல பாக்ஸ் இருக்கணும், ஒருத்தர விட்டு இன்னொருத்தர்கிட்ட போனா பாக்ஸை மாத்தவேண்டிய அவசியம் வரக்கூடாதுன்னு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா. பேருக்கு சிஐ ஸ்லாட்னு ஒரு ஓட்டையை பாக்ஸ்ல வச்சு விதியை பின்பத்தியாச்சுன்னு கணக்கு காட்டினாங்க, அந்த ஓட்டைல சொருகுற கேம் மாட்யூல், அதாவது கம்பெனியோட பூட்டைத் திறக்குற அட்டை, அதோட விலை ஒரு புது பாக்ஸ் விலைக்கு வந்து நின்னுச்சு, யாரு வாங்குவா. அதோட 2003ல வந்த டிஷ் டிவியும் 2006ல வந்த டாடா ஸ்கையும் எம்பெக்-2ல ஆரம்பிச்சாங்க, 2007 டிசம்பர்ல சன் டைரக்ட் நாட்டுலயே முதல் ஆளா எம்பெக்-4ல வந்தாங்க. அப்ப முன்னவங்க பாக்ஸ்ல பின்னவங்க படத்தை எந்த மாட்யூல் சொருகினாலும் காட்ட முடியாது. தரத்தை முதல்லயே ஒண்ணா நிர்ணயிக்காம ஸ்லாட்ட மட்டும் நிர்ணயிச்சா இப்படித்தான் ஆகும்.

2020 ஏப்ரல்ல டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) திரும்பவும் எழுதிச்சு, எல்லா பாக்ஸும் டிவியும் யூஎஸ்பி வடிவத்துல பொது இடைமுகம் வச்சிருக்கணும், டிவிபி சிஐ பிளஸ் 2.0 மாதிரின்னு. சந்தா மாத்தினா பென்டிரைவ் சைஸ் சமாச்சாரம் ஒண்ண மாத்தினா போதும். கேக்க நல்லாத்தான் இருக்கு. பரிந்துரைங்குறது பரிந்துரைதான், அமைச்சகம் உத்தரவா போட்டாத்தான் கம்பெனி அசையும், என் பரண்ல கிடக்குற பாக்ஸுக்கு அதால ஒண்ணும் ஆகல.

ஃப்ரீ டிஷ் இந்த சிக்கல்ல மாட்டாததுக்கு ஒரே காரணம் பூட்டு இல்லாததுதான். 2004 டிசம்பர்ல டிடி டைரக்ட் பிளஸ்னு 33 சேனலோட ஆரம்பிச்சப்ப இருந்தே, கம்பெனி பூட்டு போடாத, அந்த சேனல் முறை தெரிஞ்ச எந்த பாக்ஸ்லயும் அது தெரியும், இடையில எம்பெக்-4 பக்கத்துக்கு ஐகேஸ்னு நம்ம நாட்டுலயே செஞ்ச பூட்டு முறைய கொண்டு வந்தாங்க, அந்த பேரு போட்ட பாக்ஸும் மார்க்கெட்ல இருக்கு. நான் வாங்கினதுல அது இல்ல, இப்போதைக்கு நான் பாக்குற சேனலுக்கு தேவையும் படல. பூட்டு ஒருநாள் கட்டாயமாச்சுன்னா என் 1,450ம் பரணுக்குத்தான் போகும், அந்த பயம் இருக்குறவங்க ஐகேஸ் போட்டதா பாத்து கொஞ்சம் கூடக் குடுத்து வாங்கிக்கோங்க.

இன்னொரு வழி, பாக்ஸே வேணாம். புது டிவி வாங்குற ஐடியா இருந்தா அதோட விவரச் சீட்டுல டிவிபி-எஸ்2 இருக்கான்னு பாருங்க. சேட்டிலைட் ட்யூனர் உள்ளயே இருக்குற டிவிக்குன்னு ஐஎஸ் 18112:2022ன்னு தனித் தரமே பிஐஎஸ் வெளியிட்டிருக்கு, டிஷ் ஒயரை நேரா டிவி பின்னாடி சொருகினா ஃப்ரீ டிஷ் சேனலும் ரேடியோவும் வரணும், அதான் அதோட நோக்கம். ஒரே ரிமோட், ஒரு அடாப்டர் மிச்சம், வயசானவங்களுக்கு எச்டிஎம்ஐ 1 எச்டிஎம்ஐ 2 குழப்பம் கிடையாது. ஆனா கடைல இருக்குற நிறைய டிவில கேபிளுக்கான டிவிபி-சி, டவர் ஆன்டெனாவுக்கான டிவிபி-டி2 மட்டும்தான் போட்டிருக்கும், கேட்டா சேல்ஸ் பையன் "எல்லாமே டிஜிட்டல்தான் சார்"னு சிரிப்பான். டி2 இருந்து நமக்கு என்ன லாபம், 2016ல தூர்தர்ஷன் 16 நகரத்துல டவர் வழியா அத ஆரம்பிச்சப்ப தமிழ்நாட்டுல சென்னைக்கு மட்டும்தான் குடுத்தாங்க. நம்ம பக்கம் ஆன்டெனாவ கொடைக்கானலப் பாத்து திருப்பி வச்ச காலம் அனலாக்கோட முடிஞ்சுது.

காசுக்கு பாக்ஸ் மோசமில்ல, நான் அஞ்சுக்கு மூணரை போடுவேன், ரிமோட் ஒழுங்கா இருந்திருந்தா நாலு. பில்லு கேட்டு வாங்குங்க, ஒரு வருஷ வாரண்டின்னு அட்டைல இருக்கும் ஆனா கடை சீல் இல்லாம யாரும் எடுத்துக்க மாட்டாங்க. முதல்ல போறது பெரும்பாலும் அடாப்டர்தான், 12 வோல்ட் 1.5 ஆம்பியர், எலெக்ட்ரானிக்ஸ் கடைல தனியாவே கிடைக்கும், பாக்ஸே செத்துப்போச்சுன்னு தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி அத மாத்திப் பாருங்க.