ரிப்பேருக்குப் போனது என் டர்போ, திரும்பி வந்தது வேறு யாருடையதோ

டர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம். அதைக் கழற்றிக் கொடுக்கும் முன், அதன் மேல் அடித்திருக்கும், எண் பொறித்த சின்ன அலுமினியத் தகட்டை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுக்கவில்லை. வண்டியைப் பிரிக்கும்போது என் மகன் விளையாட்டாக எடுத்த வீடியோவில் அந்தத் தகடு தெளிவாக விழுந்திருந்தது. அதனால்தான் விஷயம் வெளியே வந்தது.

வண்டி 2014 ஸ்விஃப்ட், 1.3 லிட்டர் டீசல், 1,38,000 கிலோமீட்டர் ஓடியது. ஆடிக் காற்றில் ஆரல்வாய்மொழி பக்கம் வண்டி இழுக்காமல் போனபோது காற்றின் மேல்தான் பழியைப் போட்டேன். அப்புறம் ஆக்சிலேட்டரை மிதித்தாலே சைரன் மாதிரி ஊளைச் சத்தம், பின்னால் நீலப் புகை, ஒரு வாரத்தில் அரை லிட்டர் ஆயில் காலி. 10,000 கிலோமீட்டரில் மாற்ற வேண்டிய ஆயிலை 16,000 வரை இழுத்தது நான்தான், அதை மறைக்கவில்லை. டர்போ ஷாஃப்ட் நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுக்கு மேல்கூடச் சுற்றும். அதற்கும் பெயரிங்குக்கும் நடுவே நின்று தாங்குவது எஞ்சின் ஆயிலின் மெல்லிய படலம்தான்.

நாகர்கோவிலில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். "புதுசு 34,000 ஆகும் அண்ணே. மாருதி டீசலையே 2020ல நிப்பாட்டியாச்சு, பழைய வண்டிக்கு எதுக்கு அவ்வளவு? கோர் மட்டும் மாத்தித் தாறேன், 14,000 போதும்" என்றார். கோர் என்பது ஷாஃப்ட், இரண்டு பக்கச் சக்கரம், பெயரிங் எல்லாம் சேர்ந்த நடுப்பகுதி. யோசனை நியாயமாகத்தான் பட்டது. பில் போட்டால் 18 சதவீதம் ஜிஎஸ்டி கூடும் என்றார். வேண்டாம் என்றேன். அந்த ஆசைக்குத்தான் இப்போது அனுபவிக்கிறேன்.

மூன்றாம் நாள் வண்டி வந்தது. டர்போ வெள்ளி பெயிண்டில் பளபளத்தது. 19 நாள் ஓடியது.

திருநெல்வேலியில் ஒரு கல்யாணம் முடிந்து வரும் வழியில், முப்பந்தல் இசக்கியம்மன் கோவில் முன்னால் காணிக்கை போட நிறுத்தினோம். எஞ்சின் ஐடிலில்தான் இருந்தது. திடீரென்று தானாகவே ரேஸாக ஆரம்பித்தது. சாவியைத் திருப்பி உருவியே எடுத்துவிட்டேன். சாவி கையில் இருக்கிறது, எஞ்சின் அலறுகிறது, ரோடு முழுக்க வெள்ளைப் புகை. டர்போவில் ஆயில் கசியாமல் தடுக்கும் சீல் போய் உள்ளே வரும் ஆயிலையே டீசல் எஞ்சின் எரித்து ஓடும். சாவி நிறுத்துவது டீசலை மட்டும்தான். எப்போதோ ஒரு லாரி டிரைவர் சொன்னது ஞாபகம் வந்து, ஐந்தாவது கியரைப் போட்டு, பிரேக்கை முழுசாக மிதித்துக்கொண்டு கிளட்சை விட்டேன். ஒரு குலுக்கு குலுக்கி அணைந்தது. ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் அதுவும் முடியாது, இறங்கித் தள்ளி நிற்கத்தான் வேண்டும். "அம்மைதான் காப்பாத்தினா" என்று என் மனைவி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

தக்கலையில் ஒரு பெரியவரிடம் வண்டியைக் கட்டி இழுத்துப் போனேன். அவர் டர்போவை இறக்கி, பெட்ரோல் துணியால் பெயிண்டைத் துடைத்தார். உள்ளே தகடு இருந்தது. வீடியோவில் இருந்த எண் வேறு, இது வேறு. கோர் மட்டும் மாற்றியிருந்தால் வெளிக்கூடும் அதன் மேல் இருக்கும் தகடும் என்னுடையதாகவே இருந்திருக்க வேண்டும். "இது ஒங்க வண்டிக்குள்ளது இல்ல கேட்டீங்களா" என்றார்.

அடுத்ததாக டர்போவுக்கு ஆயில் கொண்டுபோகும் பைப்பைக் கழற்றி ஊதிக் காட்டினார். கரி அடைத்து, காற்றே போகவில்லை. முதல் கடையில் அதைத் தொடவே இல்லை. டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரில் தேங்கிய பழைய ஆயிலையும் வடிக்கவில்லை; முப்பந்தலில் எஞ்சின் குடித்ததில் அதுவும் இருந்திருக்கும் என்றார். இந்தப் பைப்போடு புது டர்போவே போட்டிருந்தாலும் போயிருக்கும்.

அவர் கணக்கு எனக்குப் பிடித்தது. ஷாஃப்டைப் பிடித்து ஆட்டினால் பக்கவாட்டில் இலேசான ஆட்டம் இருக்கத்தான் செய்யும், அதைக் காட்டி யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். முன்னும் பின்னும் கைக்குத் தெரியும்படி நகர்ந்தாலோ, ஆட்டத்தில் சக்கரம் கூட்டில் உரசினாலோதான் கோளாறு. வெளிக்கூட்டில் கீறல் இல்லை என்றால் அதிராமல் சுற்றும்படி பேலன்ஸ் பண்ணிய நல்ல கோர் போட்டால் போதும், பேலன்ஸ் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்க வேண்டும். சக்கரத்தின் இறக்கை கூட்டில் உரசி மடங்கியிருந்தால் புதுசுதான். எனக்கு வந்த டர்போவில் இறக்கை நுனி எல்லாம் மடங்கிக் கிடந்தது. புது டர்போ, பைப், ஆயில், எஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்கும் சம்ப்பைக் கழற்றிச் சுத்தம் செய்தது எல்லாம் சேர்த்து 43,000 ஆனது. முதலில் கொடுத்த 14,000 தனி.

பழைய கடையில் கேட்டால், "கோருக்கு கேரண்டி கிடையாது அண்ணே" என்றார்கள். எண் மாறியிருக்கிறதே என்றதற்கு, "எல்லாத்துலயும் ஒரே நம்பர்தான் வரும்" என்று பதில். வீடியோவைக் காட்டிய பிறகு போனையே எடுப்பதில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் புகார் பதிந்துவிட்டேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில் இல்லாவிட்டாலும் ஜிபே ரசீதும் வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய ரேட்டும் இருக்கின்றன. வழக்கு முடியும்வரை கடை பெயரை எழுத மாட்டேன், கமெண்டில் கேட்காதீர்கள்.

என் டர்போ இப்போது யார் வண்டியிலோ வெள்ளி பெயிண்டோடு இருக்கும். இந்த ஆடிக்குப் பிறகு நாகர்கோவிலில் ஸ்விஃப்ட்டுக்கோ டிசையருக்கோ டர்போ ரிப்பேர் செய்தவர்கள், தகட்டைத் துடைத்துப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். வீடியோவில் உள்ள எண்ணோடு ஒத்துப்பார்த்துச் சொல்கிறேன்.