ஐபி போன்களை அமைப்பதில் எனக்குப் பிடிபட்டவை

அலுவலகத்தில் ஐபி போன்களுக்கு (கணினி நெட்வொர்க் வழியாகப் பேசும் போன்கள்) மாறிச் சில ஆண்டுகள் ஆகின்றன. அழைப்புகளை இணைத்துவிட ஆஸ்டரிஸ்க் சர்வர், மேசைக்கு ஒரு எஸ்ஐபி (அழைப்பைத் தொடங்கவும் முடிக்கவும் உதவும் நெறிமுறை) போன். நிறுவியதும் பராமரிப்பதும் நான்தான். புதிதாக இறங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: ஒவ்வொரு போனின் வெப் பக்கத்தையும் திறந்து எக்ஸ்டென்ஷன் எண்ணும் பாஸ்வேர்டும் அடிக்கிற வேலையைத் தொடங்கவே தொடங்காதீர்கள்.

நெட்வொர்க்கில் சேரும் கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஹெச்சிபி-யில், ஆப்ஷன் 66-இல் ப்ரொவிஷனிங் சர்வரின் (போன்களுக்கான அமைப்பு ஃபைல்கள் இருக்கும் சர்வர்) முகவரியைக் கொடுத்துவிட்டால் (சிஸ்கோ போன்கள் 150-ஐத் தேடும்), கேபிளைச் செருகியதும் போன் தன் மேக் அட்ரஸ் (ஒவ்வொரு கருவிக்கும் உரிய தனி அடையாளம்) பெயரில் உள்ள ஃபைலைத் தானே எடுத்துக்கொள்ளும். பழுதான போனுக்குப் பதில் வேறொன்று வைக்க, ஃபைலின் பெயரை மாற்றினால் முடிந்தது. அந்த ஃபைலுக்குள் பாஸ்வேர்டு இருப்பதால் மறையாக்கம் இல்லாமல் அனுப்பும் டிஎஃப்டிபி வேண்டாம், மறையாக்கம் உள்ள ஹெச்டிடிபிஎஸ் வையுங்கள்.

மின்சாரத்துக்கு, நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம் தரும் பிஓஇ சுவிட்ச்தான் சரி. சுவிட்சும் சர்வரும் யுபிஎஸ்ஸில் இருந்தால், கரண்ட் போனாலும் உள் அழைப்புகள் நிற்காது.

என்னை அதிகம் அலைக்கழித்தது கிளை அலுவலகத்துப் போன்கள். திரையில் 'ரிஜிஸ்டர்ட்' என்றே காட்டும். அங்கிருந்து கூப்பிட்டால் தடையில்லாமல் பேசலாம். ஆனால் போன் சற்று நேரம் சும்மா இருந்துவிட்டால் வருகிற அழைப்புக்கு மணியே அடிக்காது. காரணம் போனில் இல்லை. இடையில் உள்ள ரவுட்டர், எஸ்ஐபி செய்திகள் போகும் யுடிபி இணைப்புக்காகத் திறந்த வழியைச் சிறிது நேரத்தில் மூடிவிடும். போனோ 3600 விநாடிக்கு ஒருமுறைதான் மறுபதிவு செய்யும். கீப்-அலைவ் (வழி மூடாமலிருக்க அவ்வப்போது அனுப்பும் சிறு செய்தி) இடைவெளியை 30 விநாடிக்குள் வைத்ததும் மணி ஒழுங்காக அடிக்கத் தொடங்கியது. கூடவே ரவுட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற வசதியையும் அணைத்தேன். உதவுவதற்கென்று வந்த அந்த வசதி, எஸ்ஐபி செய்திகளுக்குள் இருக்கும் முகவரிகளைத் தப்பாகத் திருத்திவிடுவதுண்டு. ஒரு பக்கம் மட்டும் குரல் கேட்கிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

குரல் விட்டுவிட்டு வந்தால் உடனே இணைய வேகத்தைக் கூட்டச் சொல்வார்கள். ஜி.711 என்ற குரல் குறியாக்க முறையில் ஓர் அழைப்புக்கு ஒரு திசையில் ஏறக்குறைய 87 கேபிபிஎஸ் போதும். யாரோ பெரிய ஃபைலை அப்லோடு செய்யும்போது குரல் பாக்கெட்டுகள் அதன் பின்னால் வரிசையில் நிற்பதுதான் பெரும்பாலும் சிக்கல். குரலுக்குத் தனி வி-லான் (ஒரே நெட்வொர்க்குக்குள் பிரித்த தனிப் பகுதி), குரல் பாக்கெட்டுகளுக்கு டிஎஸ்சிபி 46 என்ற அவசர அடையாளம், ரவுட்டரில் அதற்கு முன்னுரிமை: இந்த மூன்றும் சேர்ந்தால்தான் பலன்.

பட்டன்களை அந்தந்த ஆளிடம் கேட்டே அமையுங்கள். வரவேற்பு மேசைக்கு யார் பேசிக்கொண்டிருக்கிறார் என்று காட்டும் பிஎல்எஃப் விளக்குகள் உயிர்நாடி. மற்ற பலர் அவற்றை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

ஒரே ஒரு பழைய அனலாக் லைனை மட்டும் கேட்வே (பழைய லைனை ஐபி போன்களோடு இணைக்கும் கருவி) வழியாக விட்டுவைத்திருக்கிறேன். இணையம் அறுந்தபோதெல்லாம் வெளியே பேச அதுதான் கைகொடுத்தது. அதை எடுக்கும் எண்ணம் இல்லை.