வயிற்றுவலிக்காக விற்கப்பட்ட ‘உணவு ஒவ்வாமை’ இரத்தப் பரிசோதனை: ஓர் எச்சரிக்கை

மேல்வயிற்றில் எரிச்சலோடு கூடிய வலி, பெரும்பாலும் பின்னிரவில் வெறும் வயிற்றில் வந்து, எதையாவது சாப்பிட்டால் சற்று அடங்கும். இப்படியே ஆறு வாரங்கள் கழிந்த பிறகு, நாட்பட்ட வயிற்றுவலியின் மூலகாரணத்தைக் கண்டறிவதாக விளம்பரம் செய்திருந்த ஒரு தனியார் நிலையத்துக்குச் சென்றேன். அதே போன்ற விளம்பரத்தை நம்பிப் புறப்படவிருக்கும் ஒருவராவது நின்று யோசிக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

அங்கு யாரும் என் வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை. வலி எந்த நேரத்தில் வருகிறது என்றும் கேட்கவில்லை. இரத்தம் எடுத்தார்கள். பத்து நாள் கழித்து, 26 உணவுகள் சிவப்பு நிறத்தில் குறிக்கப்பட்ட அறிக்கையைக் கொடுத்து, அனைத்தையும் நிறுத்தச் சொன்னார்கள். அது ஐஜிஜி என்னும் எதிர்ப்புப் புரதத்தை அளக்கும் பரிசோதனை. ஓர் உணவை நாம் உண்டு பழகியிருக்கிறோம் என்பதைத்தான் அந்தப் புரதம் காட்டும். அந்த உணவு உடலுக்கு ஒவ்வவில்லை என்பதற்கு அது சான்றாகாது. உணவு ஒவ்வாமையைக் கண்டறிய இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவ வல்லுநர்களின் கழகம் 2008-ஆம் ஆண்டிலேயே கூறிவிட்டது. இதை நான் பின்னால்தான் அறிந்தேன்.

இரண்டு மாதங்களில் நான்கு கிலோ எடை குறைந்தபோது, உடல் சுத்தமாகிறது என்று மகிழ்ச்சியோடு சொன்னார்கள். மூட்டுவலிக்காக டைக்ளோஃபெனாக் மாத்திரையை நான் நாள்தோறும் விழுங்கிக்கொண்டிருந்தது அவர்களுக்குக் கடைசிவரை தெரியாது, ஏனெனில் என்னென்ன மருந்துகள் சாப்பிடுகிறேன் என்ற கேள்வியே அங்கு எழவில்லை.

பின்னர் மலம் கருப்பாகப் போகத் தொடங்கியது. தொலைபேசியில் கேட்டேன். அவர்களே விற்ற சத்து மாத்திரையில் இரும்பு இருப்பதால் அப்படித்தான் இருக்கும் என்று பதில் வந்தது. இரும்புச் சத்து மலத்தைக் கருப்பாக்கும் என்பது உண்மைதான். அதனால்தான் நானும் நம்பினேன். ஆனால் தார் போல ஒட்டும் தன்மையும், சகிக்க முடியாத நாற்றமும், எழுந்து நின்றால் தலைசுற்றலும் சேர்ந்திருந்தால் அது இரைப்பையிலோ சிறுகுடலின் தொடக்கத்திலோ ஏற்பட்ட இரத்தக்கசிவாக இருக்கக்கூடும். அந்த நிலையில் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. நான் மூன்று நாள் காத்திருந்தேன்.

மருத்துவமனையில் ஹீமோகுளோபின் 7.4 என்று மிகக் குறைவாக வந்தது. அங்கிருந்த மருத்துவர் முதலில் கேட்டதே, வலி மாத்திரை ஏதேனும் எடுத்துக்கொள்கிறீர்களா என்பதைத்தான். எண்டோஸ்கோப்பியில் சிறுகுடலின் தொடக்கத்தில் கசியும் புண் ஒன்று தெரிந்தது. அதைக் கிளிப் போட்டு அடைத்தார்கள். ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியும் இருந்தது. ஆஸ்திரேலிய மருத்துவர்களான வாரனும் மார்ஷலும் 1982-இல் ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டி, அதற்காக 2005-இல் நோபல் பரிசும் பெற்ற அதே கிருமி. அதுவும் வலி மாத்திரையும் சேரும்போது புண் வரும் ஆபத்து மிகவும் கூடுகிறது. டைக்ளோஃபெனாக்கை நிறுத்திவிட்டு, 14 நாள் ஆண்டிபயாடிக் சிகிச்சை எடுத்தேன்.

கிருமி ஒழிந்ததா என்று பார்க்கும் மூச்சுப் பரிசோதனையை, ஆண்டிபயாடிக் முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்துத்தான் செய்ய வேண்டும். பான்டோபிரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரைகளையும், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, அதற்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். எனக்குக் கிருமி ஒழிந்தது உறுதியானது. விலக்கிய 26 உணவுகளையும் இப்போது தொல்லையின்றி உண்கிறேன்.

எல்லா வயிற்றுவலியும் புண்ணாலேயே வருவதில்லை. பித்தப்பைக் கல், கணையம், சில வேளைகளில் இதயமும்கூடக் காரணமாகலாம். விழுங்கச் சிரமம், காரணமில்லாத எடைக்குறைவு, இரத்த வாந்தி, இரத்தசோகை ஆகியவற்றில் எது இருந்தாலும் உணவுப் பட்டியல்களை நம்பி நாளைக் கடத்தாதீர்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, நான் கையெழுத்திட்ட படிவத்தை அந்த நிலையம் அனுப்பிவைத்தது. இந்தப் பரிசோதனை எந்த நோயையும் கண்டறிவதற்கானது அன்று என்று அதன் இரண்டாம் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது.